லைட்டு மெழுகுவத்தி மாதிரி எரியுது: மலை ரோட்டுக்கு ஹெட்லைட் மாத்துறது

2025.06.08 – மஸ்கெலியா தம்பி ஒருத்தர் கேட்டது

அண்ணே, நான் ஹட்டன் டவுன்ல கடையில வேலை. சாத்திட்டுக் கிளம்ப எட்டரை ஆகிரும். டிக்கோயா, நோர்வூட் தாண்டி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போய் வருது. 100 சிசி பைக், 2014 மொடல், ரெண்டாவது கையா வாங்கினது. லைட்டு சும்மா மெழுகுவத்தி. இப்ப மழையும் பனியும் வேற. சாமான் கடையில 6000 கெல்வின் (நீலவெள்ளை வெளிச்சம்) எல்ஈடி போடு, பகல் மாதிரி இருக்கும்னாங்க. கராஜ் பாஸ் 100 வாட் ஹலோஜன் போடுன்றாரு. எதைப் போட?

2025.06.08, இரவு 10.20

ரெண்டும் வேணாம். காசைப் பையிலயே வச்சுக்க.

முதல்ல இதைப் பாரு. என்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பி லைட் சுவிட்சைப் போடு. எரிஞ்சா டிசி, பெட்டரியில ஓடுது. எரியாட்டி பெரும்பாலும் ஏசி, என்ஜின் ஓடினா கரண்ட் தர்ற மெக்னட் கொயில்லருந்து நேரா வருது. சந்தேகம்னா ஸ்டார்ட் பண்ணி நிக்க விட்டு அக்சிலேட்டரை முறுக்கு. முறுக்க முறுக்க வெளிச்சம் ஏறிச்சுன்னா ஏசிதான்.

மிச்சம் நாளைக்கு. ராத்திரி ஒன்றரைக்கு நான் ஸ்டோருக்கு (தேயிலை ஃபெக்டரிக்கு) போகணும்.

2025.06.09, பகல் 11.05

தூங்கி எழும்பியாச்சு. தேயிலை ஸ்டோர்ல எலக்ட்ரீஷியன் நான். கொழுந்து வாடி ரோலர்ல போடுற நேரம் விடியச் சாமம், அதனால பதினாலு வருசமா லிந்துலைப் பக்கம் ராத்திரி ரோட்டுல தனியா போறவன். லைட்டுல நான் பண்ணாத பைத்தியக்காரத்தனம் இல்ல. அதனால பேசலாம்னு நினைக்கிறேன்.

என் 150 சிசி பைக்கோட லைட்டு ரெண்டு வருசத்துக்கு முன்ன மங்கத் தொடங்கிச்சு. புது பல்ப் போட்டேன். அதே மங்கல். இன்னொரு கம்பனி பல்ப் போட்டேன். அதே. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது: நாள் பூரா ஸ்டோர்ல மோட்டருக்கு மீட்டர் பிடிக்கிறவன், சொந்த பைக்குக்குப் பிடிக்கல. என்ஜின் ஓட விட்டுப் பெட்டரியில பார்த்தேன், 13.9 வோல்ட். பல்ப் மாட்டுற கப்ளர்ல பார்த்தேன், 11.6. நடுவுல 2.3 வோல்ட் எங்கயோ போயிருச்சு. ஹலோஜன்ல வோல்ட் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் அதே அளவுல குறையாது, வோல்ட்டோட 3.4 ஆம் அடுக்குல விழும். கணக்குப் போட்டா எனக்குக் கிடைச்சது கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம். பாதி! பல்ப் மேல ஒரு குத்தமும் இல்ல.

அந்த 2.3 எங்க போச்சுன்னா, ஹேண்டில் சுவிட்ச். கையை வச்சுப் பார்த்தா வெதுவெதுன்னு இருந்துச்சு. கழட்டினா உள்ள செம்புத் தகடு கறுத்து, ஒரு ஓரம் பாசி மாதிரி பச்சை. நம்ம ஊர் ஈரம் அப்படி. அப்புறம் எர்த் வயர்: ஹேண்டில் கழுத்துல போல்ட்டு முறுக்கின இடம் துருவேறி, விரலால ஆட்டினா லைட்டு கண்ணடிக்குது.

சுரண்டித் துடைச்சேன். ஒரு ரிலே போட்டேன், அதாவது சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச். பெட்டரியில பிளஸ்ஸுக்குப் பக்கத்துலயே 10 அம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயோட 30ஆம் நம்பர் காலுக்கு, 87லருந்து பல்ப்புக்கு, பழைய சுவிட்ச் வயர் 86க்கு, 85 எர்த். சுவிட்சுல இப்ப சும்மா ரிலேயைத் தட்டுற கரண்ட் மட்டும்தான் போகுது. பல்ப்ல 13.5 வந்துச்சு. அதே பழைய 35 வாட் பல்ப்தான், ரோடு வேற ரோடு.

2025.06.09, பகல் 11.40

ஹெட்டு (தூரத்துக்கு அடிக்கிறது), டிம்மு (தாழ்த்தி அடிக்கிறது) ரெண்டுக்கும் ஆளுக்கொரு ரிலே வேணும். எழுத மறந்துட்டேன்.

2025.06.09, மாலை 6.15

தம்பி சோதிச்சுப் பார்த்து எழுதிட்டார்: சாவி போட்டா எரியல, முறுக்கினா கூடுது. ஏசி.

அப்ப காலையில நான் எழுதின ரிலே கதை உனக்கு ஒத்து வராது. டிசி பைக்குக்குத்தான் அது. அவசரப்பட்டு வயர் வாங்கிராத. மீட்டர் பிடிச்சாலும் ஏசி வோல்ட்டுல வச்சுப் பிடிக்கணும். டிசியில வச்சுப் பார்த்துட்டு "அண்ணே ஒன்னுமே வரல"ன்னு சொல்லாத.

ஏசி பைக்ல இன்னொரு கெட்ட குணம் இருக்கு, அது சமவெளிக்காரனுக்குத் தெரியாது. நாம இறக்கத்துல அக்சிலேட்டரை விட்டுட்டுத்தான் முடக்குக்குள்ள (வளைவுக்குள்ள) இறங்குறோம். என்ஜின் சுத்து குறையுது, கொயில் கரண்ட் குறையுது, லைட்டு படுத்துக்குது. எந்த இடத்துல ரோடு தெரியணுமோ சரியா அந்த இடத்துல. என் பழைய 100 சிசியில இதுக்காகவே கிளச்சைப் பிடிச்சுக்கிட்டு வெறுமனே முறுக்குவேன். என்ஜின் பிரேக் போயிரும், சத்தத்துக்கு லயத்து (தோட்டக் குடியிருப்பு) நாயெல்லாம் எழும்பும். அதை நீ பண்ணாத. ஒரு கியர் குறைச்சு இறங்கு. சுத்து மேல நிக்கும், லைட்டும் நிக்கும், பிரேக்கும் மிச்சம்.

100 வாட் பேச்சுக்கு இதுலயே பதில் இருக்கு. 35 வாட்டுக்குன்னு சுத்தின கொயில்ல 100 வாட் மாட்டினா வோல்ட் விழுந்து, இருந்த வெளிச்சமும் போகும். டிசியில மாட்டினா கப்ளர் உருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் மஞ்சளாகும். பாஸ்கிட்ட மரியாதையாச் சொல்லிரு.

2025.06.12, பகல் 2.30

"எல்ஈடி போட்டவன் எல்லாம் நல்லாத்தானே ஓட்டுறான்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரி, என் எல்ஈடி கதை.

போன வருசம் 3,500 ரூபா குடுத்து வாங்கினேன். முதல் ராத்திரி சந்தோசம் தாங்கல. மேல்மலைக் கொழுந்தை எண்ணிடலாம் போல இருந்துச்சு. மண்கட்டு, சவுக்கு மரம், லயத்துக் கூரைத் தகரம் எல்லாம் பளபளன்னு தெரியுது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன், எல்லாம் தெரியுது, ரோட்டோட இடது ஓரம் தெரியல. கான் (ரோட்டோர வடிகால்) எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. முன் சில்லுக்கு முன்னால பத்தடி வெள்ளையா எரியுது, அதுக்கு அப்பால கறுப்பு. கண்ணு பக்கத்து வெளிச்சத்துக்குச் சுருங்கிருது, தூரத்து இருட்டுக்குத் திரும்ப விரிய நேரம் எடுக்கும். அது முதல் பாடம்.

நாலாவது ராத்திரி எதுக்க ஒரு பைக் வந்துச்சு. டிம்தான் பண்ணியிருந்தேன். சத்தியமா டிம். அந்த பைக் நேரா கானுக்குள்ள இறங்கிருச்சு. ஓடிப்போய்த் தூக்கினா, என் சொந்த மச்சான். முட்டியில சிராய்ப்பு, ஃபுட்ரெஸ்ட் வளைஞ்சுபோச்சு, வேற ஒன்னும் இல்ல, முருகன் புண்ணியம். எழும்பி நின்னு முதல்ல கேட்டது இதுதான்: "மாமா, அது லைட்டா, வெல்டிங்கா?"

ஏன் அப்படின்னா, நம்ம எச்4, எச்எஸ்1 பல்ப்ல டிம் இழைக்கு அடியில ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், கையில எடுத்துப் பாருங்க. கீழ போற வெளிச்சத்தை அது மறிச்சிரும். மேல் பாதி ரிஃப்ளெக்டர்ல மட்டும் பட்டு ரோட்டுக்கு இறங்கும். ரிஃப்ளெக்டர் பூராவும் அந்த இழை நிக்கிற இடத்தைக் குறிவச்சுச் செஞ்சது. மலிவு எல்ஈடியில சிப்பு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்னாலே போதும், டிம்முன்னு நீ நினைக்கிறது எதுத்தாளு கண்ணுல ஹெட்டு. நல்ல எல்ஈடி இருக்கு, இல்லன்னு சொல்லல. சிப்பு ரெண்டும் இடது வலதா பார்த்து நிக்கணும், மேலயும் கீழயும் பார்த்து இல்ல. சுவர்ல அடிச்சுப் பார்த்தா வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிஞ்சு இருட்டு தொடங்குற கோடு, கத்தியால வெட்டின மாதிரி விழணும். கோடு இல்லாம பஞ்சு மாதிரி பரவிச்சுன்னா திருப்பிக் குடுத்துரு. ஏசி பைக்ல போட்டா மினுக்கும், சிலது சீக்கிரமே செத்துப்போகும். அதுவும் இருக்கு.

என் எல்ஈடி இப்ப கோழிக்கூட்டுல எரியுது. கோழிகளுக்குப் பகல் மாதிரி இருக்கு, கடைக்காரர் சொன்னது பொய்யில்ல.

2025.06.12, இரவு 8.50

மச்சான் படிச்சுட்டு போன் பண்ணினான். ஃபுட்ரெஸ்ட் காசு இன்னும் வரலையாம்.

2025.06.15, பகல் 10.10

பனி. இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க, ரதல்லைப் பக்கம் ஓடுறவங்க முக்கியமா.

பனின்றது தண்ணித் துளி. ஹெட்டுப் போட்டா வெளிச்சம் அந்தத் துளியில பட்டு உன் முகத்துக்கே திரும்பும். வெள்ளைச் சேலையை முன்னால கட்டித் தொங்கவிட்ட மாதிரி. டிம் மட்டும். முடிஞ்சா லைட்டுத் தாழ இருக்கணும். கார்ல ஃபொக் லைட்டை பம்பருக்குக் கீழ வைக்கிறது அதுக்குத்தான்: கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் இடைவெளி கூடக்கூட திரும்பி வர்றது குறையும். பைக்ல பாவம், லைட்டும் கண்ணும் ஒரே நேர்கோட்டுல இருக்கு.

"மஞ்சள் லைட்டு பனியைத் துளைக்குமா?"ன்ற கேள்விக்கு வர்றேன். பழைய லொறிக்கார அண்ணன்மார் ஹெட்லைட் கண்ணாடியில மஞ்சள் தாள் ஒட்டுவாங்க. பிரான்சுல 1993 வரைக்கும் ஹெட்லைட்டே மஞ்சளாத்தான் இருக்கணும்னு சட்டம் இருந்துச்சு. ஆனா பனித்துளி பெருசு, நீலத்தைத் தனியா சிதறடிச்சு மஞ்சளை விட்டுவைக்காது. ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். அதனால மஞ்சள் பனியைத் "துளைக்கும்"னு சொல்றது சரியில்ல. கண்ணுக்குக் கூச்சம் குறையுது, அது உண்மை. 6000 கெல்வின் நீலவெள்ளையில ஈர ரோடு கறுப்பு மையாட்டம் கிடக்கும். சாதா ஹலோஜன் 3200 பக்கம், அதுல தார் ரோடு, மண், இலை மூணும் எனக்கு மூணு நிறமாத் தெரியுது. தாள் மட்டும் ஒட்டாத. இருக்குற வெளிச்சத்துலயும் ஒரு பங்கைத் தாள் தின்னுரும்.

பத்து மீட்டர் தெரியுற பனியில 40ல போனா செகண்டுக்கு 11 மீட்டர் போற. தெரியுறதுக்கு முன்னாடியே நீ அதைத் தாண்டிட்ட. எந்த பல்ப்பும் இந்தக் கணக்கை மாத்தாது.

2025.06.15, பகல் 10.45

"முன்னால போற பஸ்ஸோட சிவப்பு லைட்டைப் பிடிச்சுக்கிட்டே போவேன்"னு ஒருத்தர். நானும் போயிருக்கேன். ஒரு நாள் பஸ் லயத்து வாசலுக்குள்ள திரும்பிச்சு, நானும் பின்னாலேயே போய்ட்டேன். டிரைவர் இறங்கி, "தம்பி எந்த வீடு?"ன்னார்.

2025.06.21, மாலை 5.30

முடக்கு பத்தி நான் எழுதாம விட்டது பெரிய தப்பு. நம்ம ரோட்டுல நேர்ப்பாதை எத்தனை, முடக்கு எத்தனை?

கார் திரும்புறப்போ சாயாது. பைக் சாயும். சாயறப்போ லைட்டோட வெட்டுக்கோடும் கூடவே சாயும். இடது முடக்குல இடப்பக்கம் சாஞ்சா கோட்டோட இடப்பக்கம் கீழ இறங்கிரும். நீ போகப்போற இடம், அதாவது முடக்கோட உள்பக்கம், இருட்டு. வலப்பக்கம் கோடு மேல ஏறி எதுக்க வர்றவனைக் குத்தும். எவ்வளவு வாட் கூட்டினாலும் இதேதான், இன்னும் மோசமாத்தான் குத்தும். அதனால உடம்பைச் சாய்ச்சு, பைக்கை முடிஞ்ச அளவு நிமித்தி வச்சு, மெதுவாத் திரும்பு. ராத்திரியில மட்டும் இல்ல, ஈரத்துலயும் அது நல்லது.

சின்னதா ரெண்டு லைட்டை ஃபோர்க்குக்குக் கீழ ரெண்டு பக்கமும் வெளிப்பக்கமாத் திருப்பி வைக்கிறது இதுக்கு மருந்து. நானே வச்சிருந்தேன். ஆனா 2025 தொடக்கத்துலருந்து பொலிஸ், கூட்டிப் போட்ட சாமான்களைக் கழட்டச் சொல்லிப் பிடிக்குது. என்னை நிப்பாட்டின சார்கிட்ட வெட்டுக்கோடு, சாய்வு எல்லாம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு "கழட்டு"ன்னார். கழட்டிட்டேன். கண்டவனெல்லாம் லைட்டைப் போட்டு எதுத்தாளு கண்ணைக் குத்துறான் பாருங்க, அவர் பக்கமும் ஞாயம் இருக்கு.

2025.06.22, காலை 9.00

06.09ல ரிலே போட்டேன்னு எழுதினேன் இல்லையா? முதல் தடவை போட்டது அது இல்ல. வெட்கப்பட்டு விட்டுட்டேன். முதல் தடவை வீட்டு வயரிங்குல மிஞ்சின 1/1.13 வயரைப் போட்டேன். ஒத்தைக் கம்பி. ஹேண்டில் திருப்பத் திருப்ப, ரோட்டுக் குழியில ஆட ஆட, கழுத்துப் பக்கம் உள்ளயே முறிஞ்சிருச்சு. வெளியில பார்த்தா ஒன்னும் தெரியாது. ராத்திரி ஒன்னே முக்காலுக்கு, இறக்கத்துல, மொத்தமா இருட்டு. அந்த ஒரு செகண்டுல கேட்டது கான் தண்ணிச் சத்தம் மட்டும்தான். சத்தம் இடப்பக்கம்னு வச்சு பிரேக் பிடிச்சேன். இழை இழையா இருக்குற பைக் வயர்தான் போடணும். எலக்ட்ரீஷியன் நான்.

2025.07.10, இரவு 7.40

எசல போயா (பௌர்ணமி லீவு), தம்பிக்குக் கடை பூட்டு. பைக்கோட எங்க வீட்டுக்கே வந்துட்டார். 2020 மார்ச்சுலருந்து 2025 தொடக்கம் வரைக்கும் புது வாகனம் இறங்காததால ஊர்ல ஓடுற பைக்கெல்லாம் இப்படித்தான் நாலு கை மாறி, ஆளாளுக்கு ஒரு வேலை பார்த்து வச்சிருக்கு.

லைட்டைப் போட்டு லயத்துச் சுவருக்கு முன்ன நிறுத்தினேன். டிம்மு சுவருக்கு மேல, கூரைத் தகரத்துல அடிக்குது. ஹெட்டு மாத்தினா கீழ வருது. ரெண்டு பேரும் முழிச்சோம். கழட்டிப் பார்த்தா சிரிக்கிறதா அழுகிறதா தெரியல. எவனோ முன்னாடி 60/55 வாட் (ஹெட்டு 60, டிம்மு 55) எச்4 பல்ப்பை வாங்கி, எச்எஸ்1 இடத்துல உக்காராததால அதோட காதுகளை அரத்தால ராவி, தலைகீழா மாட்டி வச்சிருக்கான். கிண்ணம் மேல, இழை கீழ. டிம் பண்ணினா வெளிச்சம் வானத்துக்கு. போதாததுக்கு 35 வாட் கொயில் 60 வாட்டை இழுக்க மாட்டாம சிவந்து எரியுது. அதாவது தம்பியோட மெழுகுவத்தி வெளிச்சமே ஒருத்தன் ஏற்கெனவே பண்ணின "அப்கிரேட்".

13.2 வோல்ட் கிடைச்சா எச்4 டிம் 1000 லூமென் (வெளிச்ச அளவு), எச்எஸ்1 டிம் 525. பொட்டியில போட்டிருக்கிறதைப் பார்த்தா 60/55தான் பெருசு, வாங்கினவனைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த வோல்ட் கிடைக்காதுன்னு பொட்டியில போட மாட்டாங்களே.

புது 35/35 எச்எஸ்1 போட்டோம். கண்ணாடிக் குமிழ்ல விரல் படாம, காகிதத்தால பிடிச்சு. ரிஃப்ளெக்டர் உள்ள தூசி படிஞ்சிருந்துச்சு, தேய்க்கல. அந்த அலுமினியப் பூச்சு துணி பட்டாலே போயிரும். ஊதித்தான் எடுத்தோம். எர்த் சுரண்டினோம்.

அப்புறம் குறி பார்க்கிறது. சுவர்லருந்து 5 மீட்டர் அளந்து நிறுத்தி, லைட் நடு உயரத்தைக் கரியால கோடு போட்டு, வெட்டுக்கோடு அதுக்கு 5 சென்ரிமீட்டர் கீழ விழுற மாதிரி போல்ட்டைத் திருப்பினோம். நூத்துக்கு ஒன்னு இறக்கம். லைட் தரையிலருந்து 90 சென்ரிமீட்டர்னா 90 மீட்டர்ல ரோட்டைத் தொடும். ஆளு ஏறி உக்காந்துதான் பார்க்கணும், வெறும் பைக்ல பார்த்தா பின்னால ஏறினதும் மூக்கு தூக்கிரும். தம்பி தங்கச்சியை ஏத்திக்கிட்டு அடிக்கடி போவாராம். அந்த எடைக்கு என் வீட்டம்மாவைப் பின்னால உக்காரச் சொன்னேன். "சந்தைக்கு வர்றப்போ உக்கார வேணாம், சுவரைப் பார்க்க உக்காரணுமா?"ன்னு கேட்டுட்டுத்தான் ஏறினாங்க. கோடு நாலு விரல் மேல போச்சு. திரும்ப இறக்கினோம்.

கரிக்கோட்டை இன்னும் அழிக்கல. அதுக்கும் பேச்சு விழுது.

2025.07.11, காலை 8.15

தம்பி ராத்திரியே எழுதியிருக்கார்: "அண்ணே, நோர்வூட்டுக்கு அங்கிட்டு முடக்குல காட்டுப்பன்னி குறுக்க நின்னுச்சு, இருபது மீட்டர்லயே கண்டுட்டேன்." அரை மணி கழிச்சு இன்னொன்னு: "முடக்குக்குள்ள இறங்கினா இன்னும் மங்குதுதான்."

மங்கும். ஏசிதானே. டிசிக்கு மாத்தணும்னா கொயில் எர்த்தைப் பிரிச்சு, ஏசியை டிசியாக்குற முழு அலை ரெக்டிஃபையர் போட்டு, பெட்டரியும் பெருசாக்கணும். ஒரு நாள் வேலை. அடுத்த போயாவுக்கு வா. முன் சில்லு டயரையும் பார்த்து வச்சிருக்கேன், வழுக்கைத் தலை. முதல்ல அதை மாத்து, மிச்சக் காசுல லைட்டைப் பார்க்கலாம்.

ஹெல்மெட் கண்ணாடியும் கீறல். அதுக்கு 100 வாட்டுன்னு யாரும் சொல்லலையா?